காமாலை அல்ல, கேரட்

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்.
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதியது.

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய அண்ணன் ஞானாபரணம் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் வேதசிரோமணியின் அன்பான ஸ்தோத்திரங்கள். ‘அன்புள்ள சம்பந்தி’ என்று தொடங்கத்தான் ஆசை. தொடங்கவும் செய்தேன். நிலைமை இன்னும் அந்த அளவுக்குக் கனியவில்லை என்று என் மனைவி ஜெயசீலி சொன்னதால், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன். இங்கே நானும் ஜெயசீலியும் மகள் சுஜியும் தேவ கிருபையாலும் காய்கறிகளாலும் பூரண சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் ஹெப்சி அக்காவும் உங்கள் மகன் தம்பி ஜாய்சனும் சுகமா என்று இந்த இடத்தில் கேட்பதுதான் முறை. ஆனால் நமக்குள் தகராறே அந்தச் சுகத்தைப் பற்றித்தான் என்பதால், அதைக் கடிதத்தின் நடுவில் விரிவாகக் கேட்கிறேன்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸாப்பில் தினமும் நான் அனுப்புகிற காலை வணக்கத்துக்கு இரண்டு நீலக் கோடுகளைத் தவிர வேறு பதில் இல்லை. ஆகவே கடிதம். வாயால் சொன்னால் காதில் வாங்காத பெற்றோர்கூட, கையால் எழுதி அனுப்பினால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிப்பார்கள். இது பள்ளிக்கூடத்தில் நான் கண்டது.

விஷயம் இதுதான். போன மாதம் நீங்கள் மூவரும் குரோம்பேட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தீர்கள். உங்களுக்குப் பெண்ணைப் பிடித்தது. வீட்டைப் பிடித்தது. பெண்ணுடைய அப்பாவின் உள்ளங்கையைத்தான் பிடிக்கவில்லை. அது மஞ்சளாக, சரியாகச் சொன்னால் பழுத்த பப்பாளியின் நிறத்தில் இருந்தது. அதை மஞ்சள் காமாலை என்று எண்ணிக் கல்யாணப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அண்ணே, அது காமாலை அல்ல, கேரட். இதை நிரூபிக்க எனக்கு ஒரு கடிதம் தாராளமாகப் போதும். பத்தாம் வகுப்பு ‘டி’ பிரிவுக்கே அமிலத்தையும் காரத்தையும் புரியவைத்தவன் நான்.

எல்லாம் மாடம்பாக்கம் யக்ஞநாராயணன் சாரிடமிருந்து தொடங்கியது. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், காலையில் என்னோடு நடக்க வருகிறவர். அவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு பாட்டில் மாத்திரை கொண்டுவந்து கொடுத்திருந்தான். “இதுல ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் எல்லாம் இருக்கு சார். ஒண்ணு போட்டுண்டா ஒரு கூடை ப்ளூபெர்ரி சாப்பிட்ட மாதிரி” என்றார். “ப்ளூபெர்ரியை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன். “பாட்டில்ல படம் போட்டிருக்கானே!” என்றார். அன்று முழு நடையும் அவருக்குப் பாடம் எடுத்தேன். நம் வீட்டு இரும்பு கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றும் ஈரமும் பட்டால் துருப்பிடிக்கிறது. நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டால் கறுக்கிறது. இதே போன்ற ஒரு வேலை நம் உடம்புக்குள்ளும் ஓயாமல் நடக்கிறது. அங்கே சில துடுக்குத்தனமான மூலக்கூறுகள் சும்மா இருக்கிற செல்களைப் போய்ச் சீண்டுகின்றன. வகுப்பில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ள, அவன் அடுத்தவனைக் கிள்ள, கடைசியில் வகுப்பே கலவரமாகிறதல்லவா, அதுதான் ஆக்ஸிகரணம். முதல் பையன் பக்கத்தில் அமைதியான ஒரு பெண் பிள்ளையை உட்காரவைத்தால் எல்லாம் அடங்கிவிடும். அவள்தான் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட். கேரட், தக்காளி, நெல்லிக்காய், முருங்கைக்கீரை, நாவல்பழம் என்று அவள் எங்கும் இருக்கிறாள். மாத்திரையில் ஒரே ஒரு சத்துதான் தனியாக நின்று கத்துகிறது, காய்கறியிலோ பல சத்துகள் சேர்ந்து பாடுகின்றன என்றேன். நான் எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவன். ஒரு பாட்டை டெனர் என்கிற மேல்குரல் மட்டும் தனியாகப் பாடினால் கேட்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சொன்னதைச் செய்ய வேண்டும் அல்லவா? புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுத்தேன். காலையில் கேரட் சாறு. பதினோரு மணிக்குக் கேரட் துண்டுகள். மதியம் கேரட் பொரியல், பூசணிக் கூட்டு. மாலையில் பப்பாளி. ஜெயசீலி, “உங்க ஆராய்ச்சியை உங்க கையாலயே பண்ணிக்குங்க, என்னை விட்ருங்க” என்று சமையலறையின் பாதியை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். சுஜிக்குக் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. அவளுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவையும் நானே கட்டத் தொடங்கினேன். மேல்தட்டில் கேரட் சாதம், கீழ்த்தட்டில் கேரட்டும் சர்க்கரைவள்ளியும். முதல் சில நாட்கள் முகத்தைச் சுளித்தாள். பிறகு டப்பா தினமும் ஒரு பருக்கை மீதியில்லாமல் திரும்பி வந்தது. பிள்ளைகளை அதட்டக்கூடாது, பொறுமையாக எடுத்துச் சொன்னால் வழிக்கு வருவார்கள் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு.

கேரட் வாங்குவது சண்முகம் சாலை மார்க்கெட்டில், புஷ்பத்திடம். “இன்னா சார், வூட்ல குதிரை எதுனா வளக்கிறியா? டெய்லி இம்மாம் கேரட்டு வாங்கிகினு போறியே” என்பாள். ஒரு நாள் சில்லறையை வாங்க நான் கையை நீட்டியதும் அவள் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “ஐயே, இன்னா சார் கை இப்டி கீது? காமாலை சார் இது! பேஜார் புட்ச்ச நோவு. கீயாநெல்லி பறிச்சாந்து தர்றேன், அரைச்சி மோர்ல கலந்து குடி” என்று கூவியதில் மார்க்கெட்டே என் கையைப் பார்த்தது. நான் பொறுமையாக, கேரட்டின் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் அளவுக்கு மேல் போனால் தோலில் தங்கும், முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், அது நோயல்ல, கேரட்டைக் குறைத்தால் தானாக மறைந்துவிடும் என்று விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்போ நாளிக்கு ரெண்டு கட்டு கீயாநெல்லி எட்த்தாரட்டா?” என்றாள்.

இப்படி என் உடம்பு விஞ்ஞான ரீதியாக மஞ்சளாகிக்கொண்டிருந்த வேளையில்தான் உங்கள் குடும்பத்தின் சம்பந்தம் வந்தது. எத்தனையோ வரன்களைத் தட்டிக்கழித்த சுஜி, தம்பி ஜாய்சனின் படத்தைக் காட்டியதும், “சரிப்பா, உங்க இஷ்டம்” என்று ஒரே வார்த்தையில் சம்மதித்தாள். தம்பிக்கும் அதே கேளம்பாக்கத்து வளாகத்தில்தான் வேலை என்று அறிந்து, “தெரிந்த பையனா?” என்று கேட்டேன். “அங்க ஆயிரக்கணக்கான பேர் வேலை பாக்கறாங்கப்பா. யாரை யாருக்குத் தெரியும்?” என்றாள். நியாயம்தானே?

நீங்கள் வந்த அன்று நடந்ததை உங்களுக்கே சொல்வது வேடிக்கை. ஆனால் ஹெப்சி அக்கா அதை வேறு விதமாக நினைவில் வைத்திருப்பதால் சொல்கிறேன். நீங்கள் அன்போடு கொண்டுவந்த ஆப்பிளில் ஒன்றை எடுத்து, இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் எலுமிச்சைச் சாறு தடவி, மற்றதைச் சும்மா வைத்து, எது முதலில் கறுக்கிறது என்று எல்லாரையும் பார்க்கச் சொன்னேன். அதனால் காபி ஆறிப்போனது உண்மை. பிறகு ஜெயசீலி கேரட் அல்வாவைக் கொண்டுவந்தாள். தட்டைக் கண்டதும் தம்பி ஜாய்சனின் முகம் ஒரு மாதிரி வெளுத்தது. கூச்ச சுபாவம். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார். சுஜியை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவளும் அவரைப் பார்க்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படி இரண்டு பிள்ளைகளா என்று எனக்குக் கண் கலங்கியது. மீதி அல்வாவை உங்களுக்குக் கொடுத்தனுப்ப ஜெயசீலி சுஜியின் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்தாள். அதன் கிளிப் எங்கள் வீட்டில் சுஜியைத் தவிர யாருக்கும் ஒத்துழைக்காது. ஜெயசீலி முக்கி முனகிக்கொண்டிருந்தபோது தம்பி எழுந்து வந்து, இடது கட்டைவிரலால் ஓர் அழுத்து, வலது பக்கம் ஒரு தட்டு, திறந்துவிட்டார். இஞ்சினியர் என்றால் இஞ்சினியர்!

ஹெப்சி அக்கா சுஜியிடம், “உனக்கு என்னம்மா சமைக்கத் தெரியும்?” என்று கேட்டார்கள். “நெத்திலிக் குழம்பு தெரியும் ஆன்ட்டி. மாங்காய் போட்டு, கடைசியா கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊத்துவேன்” என்றாள். “எங்க வீட்டுலயும் அப்படியேதாம்மா!” என்று அக்கா பூரித்துப்போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு குழம்பு வைத்ததே இல்லை. யூட்யூப் பார்த்துக் கற்றிருக்கிறாள். எவ்வளவு பொறுப்பு!

கடைசியில் ஜெபத்தில்தான் எல்லாம் கெட்டது. முடிவு ஜெபத்தை என்னைச் செய்யச் சொன்னீர்கள். வழக்கம்போல இரண்டு கைகளையும் விரித்து ஏந்தி நீண்ட ஜெபம் செய்தேன். அந்தச் சமயத்தில் ஹெப்சி அக்கா கண்ணைத் திறந்து என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டார்கள் என்று ஜெயசீலி சொல்கிறாள். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் முறைப்படி கண்ணை மூடியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது என்பதை மட்டும் தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மறுவாரம் நீங்கள் போன் செய்தீர்கள். “சார், தப்பா நினைக்காதீங்க. எங்க பையனுக்கும் கை மஞ்சளா ஆயிருக்கு. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனப்புறம்தான் கவனிச்சோம். கொஞ்ச நாள் போகட்டும்” என்றீர்கள். பின்னாலிருந்து ஹெப்சி அக்காவின் குரல், “காமாலைக்காரங்க வீட்டுல எதுக்குக் காபி குடிச்சீங்கன்னு நான் அப்பவே கேட்டேன்ல!” என்றது. கல்யாணப் பேச்சில் ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் அண்ணே. மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவன் நான். அன்றிலிருந்து சுஜி வேலைக்குப் போகிற நேரம் தவிர அறைக்குள்ளேயே இருக்கிறாள். ஒரு தடவை பார்த்த பையனுக்காக இவ்வளவு வருத்தமா என்று ஜெயசீலிக்கே ஆச்சரியம். போன வாரம் முழுவதும் அலுவலகத்திலிருந்து கண் சிவந்து வந்தாள். என் மகளுடைய கண்ணீருக்கு என் உள்ளங்கை காரணம் என்றால், அண்ணே, அதை நான் எப்படித் தாங்குவேன்?

உடனே டாக்டரிடம் ஓடினேன். எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் கோகிலவாணி என்னிடம் படித்தவள். என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். “சார், முழி வெள்ளையா இருக்கு. காமாலைன்னா முதல்ல கண்ணுலதான் தெரியும். என்ன சார் சாப்பிடறீங்க?” என்றாள். சொன்னேன். பாடகர் குழு உதாரணத்தையும் சொன்னேன். “சரி சார், குழுன்னா மத்தவங்கல்லாம் எங்க? நீங்க டெனரை மட்டும்தானே பாட விட்டிருக்கீங்க?” என்று என்னையே கேட்டாள். பதில் சொல்வதற்குள் அடுத்த நோயாளியை அழைத்துவிட்டாள். இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவள் இன்னொன்றும் சொன்னாள்: உணவில் வருவதால் கை மஞ்சளாவதோடு போயிற்று, அதையே மாத்திரையாக அளவுக்கு மீறிப் போடக்கூடாது, புகைபிடிக்கிறவர்களுக்கு அது கெடுதலே செய்யும் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம். இதை யக்ஞநாராயணன் சாரிடம் சொன்னேன். சிகரெட்டை விடாமல் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டார்.

அண்ணே, ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் பற்றி உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் என் மகளைப் பாருங்கள். நான் சாப்பிட்ட அதே கேரட்டைத்தான் அவளும் டப்பா டப்பாவாகச் சாப்பிட்டாள். அவள் கை மஞ்சளாகவில்லை. ஏன்? ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை நடத்தினாலும் ஒருவன் நோட்டில் ஏற்றுகிறான், ஒருவன் மூளையில் ஏற்றுகிறான். என் உடம்பு தோலில் ஏற்றியது, அவள் உடம்பு முகத்தில் ஏற்றியது. இந்த ஆறு மாதத்தில் அவள் முகத்தில் வந்திருக்கும் பொலிவை ஹெப்சி அக்காவே, “பொண்ணு என்னமா மினுமினுன்னு இருக்கா” என்று பாராட்டினார்கள். அது முழுக்க முழுக்கக் கேரட். இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

தம்பி ஜாய்சனின் கை ஏன் மஞ்சளானது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒரே ஒரு தட்டு அல்வாவால் அப்படி ஆகாது, மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும். உங்கள் வீட்டில் கேரட் வாங்குவதே இல்லை, சின்ன வயதிலிருந்தே தம்பிக்கு அதைக் கண்டால் குமட்டும், மதியத்துக்கு ஹெப்சி அக்கா கட்டிக் கொடுக்கிற மீன் குழம்புச் சாப்பாட்டைத்தான் தினமும் கொண்டுபோகிறார் என்று நீங்களே சொன்னீர்கள். ஆகவே மஞ்சள்தூளாக இருக்கலாம். புதுச் சட்டைச் சாயமாக இருக்கலாம். அவர் கண்ணின் வெள்ளைப் பகுதியை வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள், ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், மனம் நிம்மதியாகும். மற்றபடி இதற்கு விஞ்ஞானத்தில் இப்போதைக்கு விடையில்லை. ஒரு நாள் கிடைக்கும். விடை தெரியாத ஒரு கேள்விக்காக இரண்டு நல்ல பிள்ளைகளின் வாழ்க்கையை நிறுத்தி வைக்க வேண்டாம் என்று உங்கள் இரண்டு கைகளையும் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். பிடித்தால் ஒட்டாது அண்ணே. கழுவியும் பார்த்துவிட்டேன்.

ஹெப்சி அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். தம்பி ஜாய்சனுக்கு எங்கள் ஆசீர்வாதம். உங்கள் இல்லத்தில் சமாதானமும், முடிந்தால் கொஞ்சம் கேரட்டும் நிலைத்திருப்பதாக.

உங்கள் பதிலுக்கும் உறவுக்கும் காத்திருக்கும்,
வே. வேதசிரோமணி

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தைச் சுஜியிடம் கொடுத்தேன். பாதி வரை சிரித்தாள். நீங்கள் போன் செய்த இடம் வந்ததும் அழுதாள். பிறகு, “அப்பா, அந்த டப்பாவை நான் ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லை” என்றாள். வாயில் வைக்க முடியவில்லையாம். கொட்டினால் அப்பா மனம் நோகுமே என்று கேன்டீனில் டப்பாவை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். எதிரில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒருவர், “குடுங்க, நான் சாப்பிடறேன். நீங்க என்னோடதைச் சாப்பிடுங்க” என்றாராம். ஜனவரியிலிருந்து தினமும் இதே கதை. அவர் வீட்டு டப்பாவில் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு. ஆகவே விஞ்ஞானத்துக்கு விடை கிடைத்துவிட்டது. மேலே யூட்யூப், சட்டைச் சாயம், கூச்ச சுபாவம், இஞ்சினியர் என்று நான் எழுதிய எல்லாவற்றையும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். என் மகளின் முகப் பொலிவுக்கான முழுப் பெருமையும் ஹெப்சி அக்காவின் நெத்திலிக்கே சேரும். போன வாரம் சுஜி கண் சிவந்து வந்ததுகூட, “வீட்டுல சரின்னு சொல்ற வரைக்கும் டப்பா மாத்திக்க வேண்டாம்” என்று தம்பி சொல்லிவிட்டதால்தானாம்.

கேரட்டைக் கண்டால் குமட்டுகிற ஒரு பையன், கை மஞ்சளாகும் வரை, ஒரு பருக்கை விடாமல், முகம் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறான். இனி இந்த மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு வேறு விசாரணை வேண்டாம். இரத்தப் பரிசோதனையும் என் பக்கத்திலிருந்து வற்புறுத்தவில்லை. உங்கள் மருமகளைப் பற்றி உங்களுக்கும் வேண்டாம் என்று நம்புகிறேன், உங்கள் வீட்டுச் சாப்பாட்டைத்தான் அவள் ஆறு மாதமாகச் சாப்பிட்டு வருகிறாள்.

உறையில் ஒட்டிய தபால் தலையைக் கிழித்து எடுத்துவிட்டேன். மறுபடியும் டப்பா மாற்றிக்கொள்ள என் அனுமதியோடு, கடிதத்தை நாளைக்குச் சுஜியின் டப்பாவின் மேல்தட்டில் வைத்து அனுப்புகிறேன். அதில் எதை வைத்தாலும் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கீழ்த்தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் இருக்கும். தம்பி பயப்படாமல் திறக்கலாம்.